ஒரே டிரம்மில் வெந்த ஜாடிகள்

“அப்போ மிளகாய யாரு சுடுவா? அந்த டாக்டர் வந்து சுடுவாரா?”

“நான் சுடுறேன்னு சொன்னேன்லம்மா.”

“நீ சுட்டதத்தான் போன வருஷம் பார்த்தேனே. பாதி கரி, பாதி பச்சை. தோல உரிச்சா சதையும் சேர்ந்து வந்துச்சு.”

“சரி, நீயே சுடு. நான் உரிக்கிறேன். புதன்கிழமைக்குள்ள முடிச்சிட்டா வியாழக்கிழமை காலைல கிளம்பிடலாம்.”

“தக்காளி?”

“தக்காளி எதுக்கும்மா? கீழ போன வருஷத்துத் தக்காளியே அப்படியே இருக்கு.”

“அது போன வருஷத்துது,” என்றாள் அம்மா. இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்பது போல என் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டு, மறுபடி பூண்டை உரிக்கத் தொடங்கினாள்.

ஸ்லிவெனில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ஞாயிற்றுக்கிழமை காலை காபிகூட ஆறாத நேரத்தில் நடந்த பேச்சு இது. முந்தின நாள் இரவுதான் சோஃபியாவிலிருந்து வந்து சேர்ந்திருந்தேன். அலுவலகத்தில் ஒரு வார விடுப்பு கேட்டபோது மேலதிகாரி காரணம் கேட்டார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றேன். பிறகு தேதியைப் பார்த்துவிட்டு, “ஓ, மிளகாய் வாரமா,” என்று சிரித்தார். அவர் பஸார்ஜிக் ஊர்க்காரர். அவருக்கும் ஓர் அம்மா இருந்தாள்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் முத்திவிட்டது, தள்ளிப்போட்டால் எடுப்பது சிரமம், பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்று ஸ்தாரா சகோரா நகரத்து மருத்துவர் வசந்தத்திலேயே என்னிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். வலது கண்ணுக்கு அவசரமில்லை, இதை முடித்துவிட்டு அதைப் பார்க்கலாம் என்றார். முதலில் ஜூன் மாதம் தேதி கொடுத்தார்கள். ஜூனில் செர்ரி. செர்ரியை யார் பாகில் போட்டு மூடுவது என்று கேட்டு அம்மா போகவில்லை. அடுத்த தேதி ஆகஸ்டில் வந்தது. ஆகஸ்டில் எங்கள் ஊரில் பீச் பழுக்கும், உலகமே நின்று பார்க்கும். அதற்கும் போகவில்லை. மூன்றாவது தேதியைச் சொன்ன வரவேற்பறைப் பெண், இதையும் விட்டால் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விடும், அடுத்த வருஷம்தான் என்று என்னிடம் கறாராகச் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அந்த மூன்றாவது தேதி செப்டம்பர் நடுவில் வந்து விழுந்தது. செப்டம்பர் நடுவில் எங்கள் ஊரில் கப்பியா மிளகாயைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. காரமே இல்லாத, கை நீளத்துக்குச் சதைப்பற்றோடு சிவந்து கிடக்கும் அந்த மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, ஜாடியில் அடைத்து, கொதிக்க வைத்து, நிலவறையில் அடுக்கி முடிக்கும்வரை யாரும் கல்யாணம் வைப்பதில்லை, வீடு மாற்றுவதில்லை. அந்த வாரத்தில் யாராவது செத்துப்போனால்கூட ஊர் கொஞ்சம் முகம் சுளிக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது, புகையிலும் ஆவியிலும் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மற்ற எந்த அறிவுரையும் அம்மாவின் காதில் ஏறவில்லை. இது மட்டும் ஏறியது. “பார்த்தியா, ஒரு மாசம். அதுக்குள்ள மிளகாய் போயிடும், பேரிக்காய் போயிடும்,” என்று யார் வந்தாலும் சொன்னாள். ஆகவே குளிர்காலத்துக்கு வேண்டியதெல்லாம் அடைத்து முடிந்தால்தான் காரில் ஏறுவேன் என்பது அவள் நிபந்தனை. நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் அவளைக் காரில் ஏற்ற வேண்டுமானால் தீயணைப்பு வண்டிதான் கூப்பிட வேண்டியிருக்கும்.

கண் எப்படியிருக்கிறது என்று கேட்டால், “ஒரு சின்ன மூட்டம். காலைல ஜன்னல்ல பனி படியுமில்ல, அந்த மாதிரி. அவ்வளவுதான்,” என்பாள். சமையலறையில் உப்பு, எண்ணெய், கத்தி எல்லாம் அவள் நினைத்த இடத்தில் கைக்கு வந்தன. கோப்பையின் விளிம்பில் ஒரு விரல் நுனியை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு சிந்தாமல் காபி ஊற்றினாள். என்னுடைய சட்டைக் கை அழுக்காக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். மிளகாய் உரிக்கும் வாரத்தில் யார் சட்டைக் கைதான் சுத்தமாக இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இவளுக்குக் கண்ணில் ஒன்றுமே இல்லை, பிடிவாதம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவை இரண்டு மூட்டை மிளகாய் வாங்கிவரச் சொல்லியிருந்தோம். அவர் யாருடைய வேனிலோ ஏறிப் போய் ஐந்து மூட்டையோடு வந்து இறங்கினார். ஏன் என்று கேட்டேன். பார்க்க அழகாக இருந்தது என்றார். அம்மாவின் பெயர் தோன்கா, அப்பாவின் பெயர் மெதோதி. அம்மா அந்தப் பெயரை ஒரு நாளில் கூப்பிடுவதில் முக்கால்வாசி அதட்டல்தான். அவருக்குப் பழகிவிட்டது. அதட்டாமல் கூப்பிட்டால் காய்ச்சலா என்று தொட்டுப் பார்ப்பார்.

திங்கட்கிழமை முழுக்கச் சுட்டோம். சுட்டோம் என்பதைவிட, சுட முயன்றோம் என்பதுதான் சரி. எங்கள் அடுக்குமாடியில் எல்லாப் பால்கனியிலும் மிளகாய் சுடும் மின்னடுப்பு ஒரே நேரத்தில் ஏறியிருந்தது. மூன்று மிளகாய் போட்டு மூடியதும் ஃபியூஸ் போகும். அப்பா கீழே போய்ப் போட்டுவிட்டு மேலே ஏறி வருவதற்குள் மறுபடி போகும். மாடிப்படியில் ஆளாளுக்கு நின்று சண்டை. ஐந்தாம் மாடிக்காரர் இரண்டு அடுப்பு வைத்திருப்பதாக ஒருவர், நீங்கள் தண்ணீர் சூடாக்குவதால்தான் என்று இன்னொருவர். பொழுது சாய்ந்த பிறகும், சமையலறை இருட்டில் நின்றபடி அம்மா மட்டும் ஓயாமல் உரித்துக்கொண்டிருந்தாள். “கரண்ட் வந்துடுச்சாம்மா?” என்று குளியலறையிலிருந்து நான் கேட்டபோது, “எப்ப போச்சு?” என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நிலவறையில் இடம் ஒதுக்க என்னை அனுப்பினாள். ஒதுக்குவதற்கு அங்கே இடம் என்று ஒன்று இருக்க வேண்டுமே. நிறம் வெளுத்த பிளம் ஜாடிகள், அடியில் வண்டல் தங்கிய திராட்சை, எந்த ஆட்சியில் போட்டதென்று தெரியாத வெள்ளரிக்காய். எங்கள் குடும்பத்தில் இப்போது அந்த வீட்டில் சாப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். அண்ணன் அசேன் ஸ்டுட்கார்டில் இருக்கிறான். கோடையில் வந்தால் இரண்டு ஜாடியைக் காலுறைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்வான், விமான நிலையத்தில் எடை பார்த்ததும் ஒன்றை வெளியே எடுத்துவிடுவான். மேலே வந்து, பழையதில் கொஞ்சம் தூக்கிப் போடலாமா என்று கேட்டேன்.

“யாராவது வந்தா?” என்றாள் அம்மா.

“யாரும்மா வரப் போறாங்க?”

“வந்தா?”

புதிய ஜாடிகளை என் பழைய சைக்கிளின் மேலேயே அடுக்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை மிச்சமிருந்தது கொதிக்க வைப்பது மட்டும். எங்கள் அடுக்குமாடிக்குப் பொதுவாக ஓர் இரும்பு டிரம் உண்டு. ஒரு காலத்தில் அதில் பெட்ரோல் இருந்ததாம். இப்போது குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கும், செப்டம்பர் வந்தால் நிமிரும். முற்றத்தில் செங்கல் வைத்து, விறகு மூட்டி, அடியிலும் இடையிலும் பழந்துணி செருகி ஜாடிகளை அடுக்கித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு முறை. அப்பா போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது, புதன்கிழமை வெலிகாவின் முறை. அடுத்து காலியாக இருப்பது சனிக்கிழமை.

வெலிகா எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரி. அம்மாவின் வயதுதான். அம்மா அவளோடு பேசுவதில்லை. கோபம் மூடியில் ஆரம்பித்தது. கடைகளில் ஜாடி மூடி கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அம்மா விடிவதற்கு முன்பே வரிசையில் நின்று வாங்கிவந்த ஒரு பை மூடியை வெலிகா கடனாக வாங்கிப் போனாள். திரும்பக் கொடுத்தது பழைய மூடிகளை, நெளிவெடுத்து, பளபளப்பாகத் தேய்த்து. அந்தக் குளிர்காலம் அம்மா போட்டதில் பாதி புளித்துப் பொங்கி நிலவறையில் வெடித்தது. தான் கொடுத்தது புது மூடிதான் என்று வெலிகா இன்றுவரை சாதிக்கிறாள். என் பள்ளிக்கூட நாட்கள் முழுக்க அவர்கள் இருவரும் அப்பா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். அப்பாவோ இரண்டு பக்கமும் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வார், அதனால்தான் கொலை எதுவும் நடக்கவில்லை.

போதாக்குறைக்கு வெலிகா வசந்தத்தில் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டு வந்திருந்தாள். கண் தெரிந்த முதல் நாளே தன் சமையலறைச் சுவரைப் பார்த்து அலறி, வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாள். அதன் பிறகு படியில் நின்றுகொண்டு போகிற வருகிறவர்களின் சட்டைப் பொத்தானில் எது புதிதாகத் தைத்தது என்று சொல்ல ஆரம்பித்தாள். தோன்காவிடம் சொல், பயப்பட ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொல்லியனுப்பினாள். “நான் பயப்படுறேன்னு அவளுக்கு யாரு சொன்னா?” என்றாள் அம்மா. அன்றைக்கு அப்பாவுக்கு வெறும் ரொட்டிதான் கிடைத்தது.

இன்னொன்று, வெலிகா ஜாடிக்குள் ஆஸ்பிரின் போடுவாள். கெட்டுப்போகாமல் இருக்க அரை மாத்திரை. கொதிக்கவும் வைப்பாள், மாத்திரையும் போடுவாள். யாரையும் நம்பாதவள். அப்பாவுக்கு வயிற்றில் புண் இருப்பதால் ஆஸ்பிரின் வாடையே ஆகாது. ஒருமுறை ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். வெலிகா கொடுத்தனுப்பும் எதையும் அம்மா வாசலைத் தாண்ட விடமாட்டாள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம், சொல்லிக்கொள்ளக் கூடிய காரணம்.

சனிக்கிழமை வரை காத்திருந்தால் ஆபரேஷன் போய்விடும். அப்பா தானாகவே யோசித்து, அம்மாவிடமும் என்னிடமும் சொல்லாமல், வெலிகாவிடம் போய்ப் பேசிவிட்டார். அவள் தனி ஆள், அவளுடைய ஜாடிகள் கொஞ்சம்தான். டிரம் பெரியது. இரண்டையும் ஒன்றாக வேகவைத்துவிட்டால் ஆயிற்று. அடையாளத்துக்கு எங்கள் மூடிகளில் குறி. அம்மா குறி போட்டால் நகப்பூச்சில்தான் போடுவாள், அது எவ்வளவு கொதித்தாலும் அழியாது. நகப்பூச்சு கேட்டால் ஏன் என்று கேள்வி வரும் என்பதால் அப்பா தன் கருவிப் பெட்டியிலிருந்த கறுப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுவிட்டார்.

நான் மேலே, மிளகாய்த் தோலும் கரியும் அப்பிய சமையலறையைக் கழுவிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து எங்கள் ஊர்க் காற்று இறங்க ஆரம்பித்து, கீழே புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போவது தெரிந்தது. மதியத்துக்குப் பிறகு விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்தார்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், இதோ முடிந்தது, நாளைக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்ற நிம்மதியோடு நானும் கீழே போனேன்.

அப்பா டிரம்முக்குப் பக்கத்தில் கையில் ஒரு ஜாடியோடு நின்றிருந்தார். மூடியில் ஒன்றுமில்லை. துணியால் துடைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். டிரம்மில் தண்ணீர் லேசாகக் கறுத்திருந்தது.

“அழியாதுன்னு அது மேலயே எழுதியிருந்துச்சு,” என்றார் என்னிடம்.

வெலிகா தன் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து கத்தரிக்காய் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கினால் அவளுக்கு அப்படித்தான் ஆகும். விஷயம் என்னவென்று எனக்குப் புரிவதற்குள் பின்னால் படியில் காலடிச் சத்தம். அம்மாவுக்கு மேலே இருப்புக் கொள்ளவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். வெலிகாவின் இருமல் கேட்டதும் நின்றாள்.

“அவ எதுக்கு நம்ம டிரம்கிட்ட?”

அப்பா சொன்னார். இந்த முறை எதையும் விழுங்காமல், முறை, சனிக்கிழமை, ஒரே விறகு, மார்க்கர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா முழுவதையும் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

“சரி. நாளைக்குப் போகல,” என்றாள்.

என் பொறுமை அங்கேதான் அறுந்தது. செர்ரியிலிருந்து ஆரம்பித்தேன். பீச்சைச் சொன்னேன். விடுப்பைச் சொன்னேன், ஃபியூஸைச் சொன்னேன், சைக்கிளைக்கூடச் சொன்னேன். ஒரு ஜாடிக்காகக் கண்ணைக் குருடாக்கிக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டேன். முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா என்னைப் பேசவிட்டு, நான் மூச்சு வாங்கியபோது சொன்னாள்: “மாத்திரை போட்டது எது, போடாதது எதுன்னு தெரியாம நான் ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டா, இந்த ஆளு பசிக்குதுன்னு கைக்கு வந்ததத் திறந்து தின்னுவான். அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே வார்டுல படுக்கை போட்டுடு.”

இதற்குப் பதிலே தேவையில்லை என்று எனக்கு உடனே தோன்றியது. அம்மாவின் மிளகாயையும் வெலிகாவின் மிளகாயையும் பிரிக்க மூடியில் குறியே வேண்டாம். அம்மா மிளகாயை முழுதாக, காம்பு நீக்கி, தலைகீழாக நிறுத்தி அடைப்பாள். கண்ணாடியை ஒட்டி நாலு பூண்டுப் பல்லும் ஒரு பார்ஸ்லிக் கொத்தும் தெரியும்படி வைப்பாள், ஏதோ படத்துக்குச் சட்டம் போடுவது போல. வெலிகா கீற்றுக் கீற்றாகக் கிழித்து அமுக்கிவிடுவாள், பூண்டு கிடையாது, கரும்பச்சையாகச் செலரி இலை. முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்கூடத் தெரியும். அப்பாவும் அதைத்தான் சொன்னார். “நான் பிரிச்சுத் தர்றேன் தோன்கா, அஞ்சு நிமிஷம்.”

“நீ தொடாத. மூடில ஒரு குறி போடத் தெரியல, ஜாடி பிரிக்கப் போறானாம். என் கையால அடைச்சது எனக்குத் தெரியாதா? கொண்டுவந்து பெஞ்சுல வை.”

வைத்தோம். வாசலுக்கு முன்னாலிருக்கும் நீளப் பெஞ்சின் ஒரு முனையில் அம்மா உட்கார்ந்தாள். நாங்கள் ஜாடிகளைக் கையில் கொடுக்கக் கொடுக்க, தன்னுடையதை வலப்பக்கமும் வெலிகாவுடையதை இடப்பக்கம் தரையிலும் வைப்பதாக ஏற்பாடு. ஐந்து நிமிடத்தில் முடியட்டும், அதன் பிறகு இவள் வேறு எதைக் கண்டுபிடிக்கிறாள் பார்ப்போம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் ஜாடியை வாங்கினாள். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினாள். சாய்த்தாள், காதோரம் வைத்து ஆட்டினாள், கட்டைவிரலால் மூடியைத் தடவினாள்.

“என்னோடது,” என்று வலப்பக்கம் வைத்தாள்.

உள்ளே கீற்றுகள் இருந்தன.

கவனப்பிசகு என்று நினைத்தேன். அடுத்ததும் தன்னுடையது என்றாள். அது உண்மையிலேயே அவளுடையதுதான். அடுத்தது மறுபடி கீற்று, செலரி இலை கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. “இதுவும் நம்மளுது.” நான்காவது ஜாடியில் மிளகாய் முழுதாக, வரிசையாக நின்றது, பூண்டு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழித்தாள்.

“இது அவளோடது. எப்படித் திணிச்சு வச்சிருக்கா பாரு. பன்னிக்கு அடைச்ச மாதிரி.”

தன் ஜாடியைத் தரையில் வைத்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும் என்று காலால் நகர்த்தினாள்.

விளையாடுகிறாளா என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. இதற்கும் ஏதோ திட்டம் வைத்திருக்கிறாள், குழப்பிவிட்டு நாளையைக் கடத்தப் பார்க்கிறாள் என்று. ஏதோ சொல்ல வாயைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ஜாடியைப் பார்க்கவில்லை. ஜாடிக்குக் கொஞ்சம் பக்கத்தில், அங்கே எதுவுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிகவும் உன்னிப்பாக.

அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அவருக்கும் இப்போதுதான் தெரிந்ததோ என்னவோ.

வெலிகா கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டினாள். பிறகு எழுந்து வந்து, அம்மா தள்ளிவிட்ட ஜாடியைக் குனிந்து எடுத்து, பாவாடையில் துடைத்து, தன் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்ததையும் அப்படியே. அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு வைத்திருந்தாள். உப்பு அடியில் தங்கியிருக்கிறது என்றாள், கை கழுவாமல் அடைத்தது என்றாள், நாய்கூட மோந்து பார்க்காது என்றாள். தன்னுடைய வேலையைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பிக் கொடுக்கும் வெலிகா ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒருமுறை, “தோன்கா, அது...” என்று ஆரம்பித்தார். வெலிகா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

வலப்பக்கம் பெஞ்சில் கீற்றுகளும் முழு மிளகாயும் கலந்து வரிசையாக நின்றன. அந்த வரிசையைப் பார்க்கப் பார்க்க வெலிகாவுக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் தன் பெட்டிக்குள் குனிந்தபடி, யாருக்கும் சொல்லாதது போலச் சொன்னாள்.

“இந்த வருஷம் நான் மாத்திரை போடல.”

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

“மெதோதி வந்து ஒரே டிரம்முன்னு கேட்டப்பவே நினைச்சேன், மாறிட்டா அவன் வயித்துக்கு ஆகாதேன்னு. போடல. ஒண்ணுலயும் போடல.”

“எதுக்கு இப்ப அதச் சொல்ற?” என்றாள் அம்மா.

எனக்கு நினைவு தெரிந்து அம்மா வெலிகாவிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. வெலிகா பெட்டிக்குள் ஜாடிகளைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி வைத்தாள்.

அம்மா கையிலிருந்த ஜாடியை மடியில் வைத்துக்கொண்டாள். முதல் பனி விழுவதற்கு முன் ஒரு ஜாடியைத் திறந்தால் எங்கள் வீட்டில் அது குற்றம். சின்ன வயதில் அதற்காக நானும் அசேனும் அடி வாங்கியிருக்கிறோம். அவள் மூடியை ஒரு திருகு திருகினாள். டப்பென்று காற்று வாங்கிக்கொண்டு திறந்தது. குனிந்து மோந்து பார்த்தாள். நான் நின்ற இடத்துக்கே செலரி வாசம் வந்தது. பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டு, அமுக்கி வைத்திருந்த கீற்றில் ஒன்றை எடுத்து, விரல்களுக்கு நடுவில் அதன் நீளம் முழுக்கத் தடவிப் பார்த்தாள்.

துணி உலர்த்திய பெண் உள்ளே போய்விட்டிருந்தாள். காற்று சாம்பலைக் கிளப்பிக்கொண்டு போனது. சிவந்த தண்ணீர் அம்மாவின் மணிக்கட்டு வழியாக இறங்கிச் சட்டைக் கையில் ஊறியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“மிக்லேனா,” என்றாள். “எத்தன தப்பு?”

“கொஞ்சம்தான்மா.”

“கொஞ்சம்னா?”

பொய் சொல்ல எனக்கு நேரம் போதவில்லை. “பாதிக்கு மேல,” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். வலது கண்ணும் ஜூலையிலிருந்தே இப்படித்தான் என்றாள். சிவப்பு தெரிகிறது, சிவப்புக்கு உள்ளே இருப்பது தெரியவில்லை என்றாள். இடதில் கத்தி வைத்து அதுவும் போய்விட்டால் மிச்சமிருப்பது இந்த வலதுதானே, இந்த அழகில் இருக்கும் வலது, அதனால்தான் தள்ளிக்கொண்டே போனேன் என்று, கடையில் காய் பேரம் பேசும் குரலில் சொல்லி முடித்தாள். இரண்டு மாதமாக ஃபோனில் நான் கத்தியதெல்லாம் என் காதிலேயே திரும்பக் கேட்டது. ஆனாலும் இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று எரிச்சலும் கூடவே வந்தது. அந்த எரிச்சலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

வெலிகா பெட்டியை விட்டு நிமிர்ந்திருந்தாள். அப்பா, கிளம்பும் நேரத்தைக் கேட்பது போல, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று என்னிடம் முணுமுணுத்தார். அது இன்னும் முடிவாகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அம்மா அந்தக் கீற்றை வாயில் போட்டு மென்றாள். முகம் சுளிக்கவில்லை, நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை. விழுங்கிவிட்டு, வெலிகாவின் குரல் கேட்ட திசையில் முகத்தைத் திருப்பினாள்.

“கண்ணத் திறந்தே வச்சிருக்கணுமாமே. எல்லாம் தெரியுமாமே, கிட்ட வர்றது, கத்தி, எல்லாம்,” என்றாள். பிறகு, இன்னும் மெதுவாக:

“வெலிகா, நாளைக்கு நீயும் வாடி. அந்த ஆபரேஷன் ரூம் கதவு வரைக்கும் வந்தா போதும்.”